வாளிக்குப் பிடித்த குடை

ஓடுகிற பஸ்ஸுக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சௌந்திரம். அதுவும் தன் தலைக்கு அல்ல... காலடியில் இருந்த வாளிக்கு.

கரூரிலிருந்தே மழை. பஸ்ஸின் கூரை ஒழுகியது. வாளிக்குள் ஒரு சொட்டு மழைத் தண்ணீர்கூட விழக்கூடாது என்று அவள் பட்ட பாட்டில், தன் தோள் நனைந்ததும் தெரியவில்லை, பக்கத்தில் நின்றவனின் விலாவில் குடைக்கம்பி குத்தியதும் தெரியவில்லை.

“ஏனுங்க... மழ உங்க மேல உழுகுது, கொடைய வாளிக்குப் புடிக்கறீங்க. உள்ள மீனுங்களா?”

நிமிர்ந்து பார்த்தாள். நெடுநெடுவென்று ஒருவன். தோளில் துண்டு, கையில் தண்ணீர் கேன். உதடு சிரிக்கவில்லை, கண்கள்தான் சிரித்தன. இன்னொரு நாளாக இருந்தால் அந்தக் கண்களை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்திருப்பாள். இன்று அவள் மனசில் பயத்தைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

“மீனில்லைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“தள்ளத்தான் பாக்கறேன். உங்க கொட உட மாட்டேங்குதுங்களே...”

வாளியில் இருந்தது ஒரு கடல் முயல். பெயர்தான் முயல். உண்மையில் வெளியே ஓடு தெரியாத கடல் நத்தை. தலையில் இரண்டு கொம்புகள் முயல் காதுபோல நிற்பதால் அந்தப் பெயர். மண்டபத்துக்குப் போய் மீனவர்களிடம் சொல்லி வாங்கி, கடல்நீரோடு கொண்டுவருகிறாள். எடப்பாடியில் தோட்டம் வைத்திருக்கும் அப்பா தங்கசாமி, பெண்ணைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்து, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை சேலத்துக் கல்லூரியில், மெட்ராஸிலிருந்து வரும் பேராசிரியர் ஜானகியம்மாள் முன்னால் இந்தப் பிராணியை வைத்து அவள் ஒரு சோதனை செய்துகாட்ட வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் மெட்ராஸில் ஆராய்ச்சிக்கு இடம். இல்லையென்றால் ஓமலூர் சம்பந்தத்துக்கு வாக்குக் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். போன வருடம் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் காபியைக் குடித்துவிட்டு, இத்தனை படித்த பெண் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனது. அதிலிருந்து கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் சௌந்திரத்துக்கு உள்ளுக்குள் எல்லாம் சுருங்கிக்கொள்ளும்.

நாமக்கல்லுக்குச் சற்று முன்னால் ஒரு எருமை குறுக்கே வந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில் நின்றவனின் கால் வாளியில் மோதி, பாதித் தண்ணீர் பஸ்ஸுக்குள் ஓடியது. அவள் பதறியடித்துக்கொண்டு அப்பாவை எழுப்பப் போனாள். திரும்பி வந்தபோது வாளி நிறைந்திருந்தது... அவன் தன் கேனை மூடிக்கொண்டிருந்தான்.

“பயப்படாதீங்க. எங்க போர்த் தண்ணி. எளநியாட்ட இனிக்கும்.”

அவன் பெயர் வெள்ளியங்கிரி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரன். திண்டுக்கல் பக்கம் ஒரு விவசாயி காட்டில் போர் போட்டுத் தண்ணீர் கண்டுவிட்டு வருகிறான். புதுப் போரின் முதல் தண்ணீரை ஒரு கேன் பிடித்து வீட்டில் அம்மாவிடம் கொடுப்பது அவர்கள் வழக்கம். அதைத்தான் மனசாரக் கவிழ்த்திருந்தான்.

கடல் முயல் ஒரு தரம் துடித்தது. கத்திரிப்பூ நிறத்தில் சாயம் கக்கியது. பிறகு உருண்டு சுருண்டுகொண்டது.

“நல்ல தண்ணி பட்டா இது செத்துரும்” என்றாள். “தண்ணின்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கறவங்க எதுக்குங்க அடுத்தவங்க வாளியத் தொடறீங்க? என் படிப்பு மொத்தமும் இதுலதான் இருந்துச்சு.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. நாமக்கல் ஸ்டாண்டில் பஸ் நின்றதும் இறங்கிப் போய்விட்டான்.

போகட்டும் என்று நினைத்தாள். நினைத்த மறுநொடியே, இத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று சுட்டது. கல்லூரியில் கடல்நீர் இருக்கிறது. ஆனால் சேலம் போய்ச் சேரும்வரை இது தாங்குமா...

ஜன்னலுக்கு வெளியே, மழைக்குள், அதே முகம்.

“என்ன பண்ணோணும்னு சொல்லுங்க. மிச்சத்த அப்பறமாத் திட்டிக்கலாம்.”

அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் சொன்னாள். கல்லுப்பு வேண்டும், உப்பளத்திலிருந்து வந்தபடி கழுவாத உப்பு, நனையாமல். அவன் ஓடினான். கண்டக்டர் விசில் ஊதினார். தங்கசாமி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, அந்தத் தம்பி வராமல் வண்டி நகராது என்றுவிட்டார். தொப்பலாக நனைந்து ஏறியவன், சட்டைக்குள்ளிருந்து துண்டில் பொதிந்த உப்பை எடுத்தான். ஒரு கல்கூட நனையவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த தூக்குப்போசியில் உப்பைக் கரைத்து, பையிலிருந்து உப்பின் அளவு காட்டும் ஹைட்ரோமீட்டரை எடுத்து மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் சேர்த்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவன் அதில் உட்காரவில்லை. நடைவழியிலேயே குந்தி, வாளி குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

இதை வைத்து என்னதான் பார்ப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டான். பயத்தை மறக்கவாவது பேசலாம் என்று, எந்தக் கல்லூரி, என்ன சோதனை என்றெல்லாம் அவளும் சொன்னாள். இதைத் தூரிகையால் லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தரம் பலமாக அதிர்ச்சி கொடுத்துவிட்டால், அப்புறம் லேசாகத் தொட்டாலே பலமாக இழுத்துக்கொள்ளும். உணர்வதற்கும் அசைவதற்கும் நடுவில் சில நரம்பு செல்கள் செரோட்டோனின் என்ற ஒன்றைச் சுரக்கின்றன. பட்ட பயத்தை அடுத்த தொடுதலோடு சேர்த்துவிடுவது அதுதான்.

“அப்ப அது பயத்துக்கான மருந்துங்களா?”

“அது மட்டுமில்லைங்க. பாசி வாசம் பட்டா, வாய்ப்பக்கம் அதே செரோட்டோனின்தான் சுரக்குது. அப்ப இது தலையத் தூக்கிக்கிட்டு முன்னால வரும், வேகமாக் கடிக்கும்.”

“சுருங்கறதும் அதாலதான்... நெருங்கறதும் அதாலதான்.” அவன் வாளியைப் பார்த்தபடியே சொன்னான். அவளுக்கு ஏனோ காது சூடாயிற்று.

தங்கசாமி பின்னாலிருந்து, தம்பி இறங்க வேண்டிய இடம் எது என்று விசாரித்தார். நாமக்கல்லிலேயே இறங்கித் திருச்செங்கோட்டுக்கு மாறியிருக்க வேண்டுமாம். இன்று சாயங்காலம் அவனுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்ததாம். சௌந்திரம் கையிலிருந்த போசியை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் எல்லாம் மறுபடி சுருங்கியது. சேலம் வந்ததும், மன்னிச்சுக்குங்க என்று சொல்ல நினைத்தவள் சொல்லாமலே இறங்கினாள். அவன் கூட்டத்தில் கலந்த பிறகுதான் பார்த்தாள்... வாளியை மூடியிருந்தது அவன் துண்டு.

காலையில் கடல் முயல் உயிரோடுதான் இருந்தது. ஆனால் சோதனை சொன்னபடி நடக்கவில்லை. அதிர்ச்சி கொடுப்பதற்கு முன்பே, தூரிகை பட்டதுமே, செவுள் முழுசாக உள்ளே போய்விட்டது. முதலில் லேசாகச் சுருங்கிக் காட்ட வேண்டிய பிராணி... ஏன் இப்படி என்று ஜானகியம்மாள் கேட்டார். பிராணிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்லவில்லை. பஸ், மழை, நல்ல தண்ணீர், கல்லுப்பு எல்லாவற்றையும் சொன்னாள். நேற்றுப் பட்ட பயம் இன்னும் இறங்கவில்லை என்று நினைப்பதாகவும் சொன்னாள். பிறகு ஒரு துண்டு பாசியை நீட்டினாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல, மிக மெல்ல, இரண்டு கொம்புகளும் எழும்பின. தலை பாசியை நோக்கி வந்தது.

“ஒரே ஒரு பிராணியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது” என்றார் ஜானகியம்மாள். “ஆனால் பயம் எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது இறங்கும் என்பது நல்ல கேள்வி. அதை மெட்ராஸுக்கு வந்து கேள்.”

வாசலில் அப்பாவிடம் சொல்ல ஓடிவந்தவள் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தவன் வெள்ளியங்கிரி. தங்கசாமி அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினார். கடை எதிர்ப்பக்கம் இருந்தது. அவர் போனது வேறு பக்கம்.

“துண்டு வாங்க வந்தேனுங்க.”

“திருச்செங்கோட்டுல இருந்து துண்டுக்காகவா?”

“நான் ஊட்டுக்கே போகலைங்க. அது பொழச்சுதான்னு தெரியாம எப்படிப் போறது...” அவன் தயங்கினான். “பொண்ணு பாக்கறது வேண்டாம்னு அம்மாவுக்கு ஆள் மூலமாச் சொல்லி உட்டுட்டேன். நேத்தே பாத்துட்டேனுங்க.”

துண்டை நீட்டிய அவள் விரலில் அவன் விரல் பட்டது. போன வருடத்துப் பயம் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நான் மெட்ராஸ் போறேனுங்க. சில வருசம் ஆகும். நான் சட்டுன்னு சுருங்கிக்கற ஆளு...” என்றாள். அவன் கண்களை நேராகப் பார்த்துச் சொன்னாள். “ஆனா உங்களப் புடிச்சிருக்குதுங்க.”

“போயிட்டு வாங்க, இருக்கறேன்” என்றான். “மெட்ராஸுல போர் போட்டாலும் மொதத் தண்ணிய ஒரு கேன் புடிப்பேன். உங்களுக்குத்தான். வாளியில மட்டும் ஊத்த மாட்டேன்.”