ஒன்பதாம் நம்பர் யார்?

"ஒண்ணு அம்பது! ஒரு லட்சத்து அம்பதாயிரம் டாலர்! மேல யாராவது?"

ஏலக்காரர் கிளைவ் படிக்கட்டின் உச்சியில் நின்று முழங்கினார். கிம்பி நகரத்தின் அந்தத் தெருவே வாசலில் திரண்டிருந்தது. பாதிப் பேர் வீடு வாங்க வந்தவர்களே அல்ல. கையில் காப்பி, காலடியில் நாய், சனிக்கிழமைக் காலையில் இலவசமாக ஒரு வேடிக்கை!

பதினோரு வயது மார்னிக்கு இது வேடிக்கை இல்லை. அம்மா ஜோலீன் கையில் நான்காம் நம்பர் அட்டை. சற்றுமுன் சொன்ன ஒன்று ஐம்பது அம்மாவுடைய விலை.

வீடு எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சாயம் உரிந்து, கூரை துருப்பிடித்து, உயரமான மரக்கால்களின் மேல் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. கூரையோர மழைநீர்க் குழாயில் புல் முளைத்திருந்தது. ஆனால் அம்மா தச்சு வேலை செய்பவள். ஊரார் வீடுகளையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, மாலையில் வாடகை வீட்டுக்குத் திரும்புபவள். ஆறு வருடத்தில் நான்கு வாடகை வீடுகள்!

"ஒண்ணு எண்பதுதான் எல்லை. தாண்டினா கூரை போடக் காசிருக்காது," என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

இதற்கு முன் இரண்டு ஏலங்களில் அம்மாவின் கை மேலே எழும்பவே இல்லை. பயம். இன்று எழும்பியது, கொடிக்கம்பம் மாதிரி!

கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு மூன்று குடியிருப்புகள் கட்ட நினைத்தவர் அவர்.

"போயிட்டாரும்மா!" என்று கிசுகிசுத்தாள் மார்னி.

"ஒண்ணு அம்பத்திரண்டு!" கிளைவின் விரல் வீட்டின் பக்கவாட்டுச் சந்தின் பக்கம் பாய்ந்தது. "வேலிக்குப் பின்னால, ஒன்பதாம் நம்பர்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஆளுயரக் காகிதப்பூ வேலிக்கு மேல் ஓர் அட்டை மட்டும் தெரிந்தது. அதில் 9. ஆள் தெரியவில்லை.

அம்மா அட்டையை உயர்த்தினாள். ஒன்பது உயர்த்தியது. அம்மா. ஒன்பது. அம்மா. ஒன்பது.

"ஒண்ணு எழுபது, நாலாம் நம்பர்!"

"யாருடி அந்த ராட்சசன்? மூச்சு விடக்கூட நேரம் தரமாட்டேங்கறான்," என்று பல்லைக் கடித்தாள் அம்மா.

"நான் பாத்துட்டு வரேன்."

கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. மார்னி சட்டென்று குனிந்தாள். வீட்டுக்கு அடியில் புகுந்தாள். ஒட்டடை, சிலந்தி, உடைந்த சைக்கிள், எல்லாவற்றையும் தாண்டி ஓடினாள். மேலே கிளைவின் குரல் துரத்திக்கொண்டே வந்தது. "எழுபத்திரண்டு! எழுபத்திநாலு!"

மறுபக்கம் வெளியே வந்து, வேலியின் ஓட்டை வழியே சந்தில் தலையை நீட்டினாள். கண்ணெதிரே இரண்டு பூட்ஸ். ஒன்றில் கறுப்பு நாடா. மற்றதில் பச்சைச் சணல்.

உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் பூட்ஸைச் சணலால் கட்டுவார்.

"டெஸ் மாமா?!"

"உஷ்! கத்தாதடி," என்றார் அம்மாவின் தம்பி. அட்டையை உயர்த்திவிட்டுக் குனிந்தார்.

"எழுபத்தாறு, ஒன்பதாம் நம்பர்!"

"வண்டி ரிப்பேர், வரமாட்டேன்னு சொன்னீங்களே!"

"சும்மா சொன்னேன். உங்கம்மா எப்படியும் கையத் தூக்கமாட்டா. அதான் அவளுக்காக நான் தூக்கறேன். சர்ப்ரைஸ்! ஆனா அந்தப் பக்கம் நாலாம் நம்பர்னு ஒரு அட்டை ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது. யாருன்னு பாத்தியா?"

"எழுபத்தெட்டு, நாலாம் நம்பர்!"

"பாத்தியா, பாத்தியா! இதோ எண்பது..." மாமாவின் கை மேலே போனது.

மார்னி இரு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"மாமா! அது அம்மா!"

மாமாவின் வாய் திறந்தது. மூட நேரமாயிற்று.

"அய்யோ... அப்போ இவ்வளவு நேரம் நான்..."

"தூக்காதீங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. 'இப்ப நிஜமாவே விக்கறோம்'னு கிளைவ் இன்னும் சொல்லல. ஓனர் மனசுல வச்சிருக்கற விலை வரலைன்னா ஏலத்துல விக்க மாட்டாங்க, உள்ள கூப்பிட்டுப் பேசித்தான் முடிப்பாங்க."

மூன்றாவது ஏலம் அல்லவா? மார்னிக்கு எல்லாம் அத்துப்படி.

அப்படியே நடந்தது. கிளைவ் மூன்று முறை கேட்டார். வேலி அசையவில்லை. "ஓனர் கேட்ட விலை வரல. அதிக விலை சொன்ன நாலாம் நம்பருக்குத்தான் முதல் பேச்சுவார்த்தை. உள்ள வாங்க!"

அம்மா உள்ளே போனாள்.

மார்னி மூச்சிரைக்கச் சமையலறைக்குள் நுழைந்தபோது, வீட்டின் சொந்தக்கார அம்மையார் நோரீன் கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தார். வெள்ளை முடி, கூர்மையான கண்கள்.

"ஒண்ணு தொண்ணூறுக்கு முடிச்சுடுங்க," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் கிளைவ். "வேலிக்குப் பின்னால ஒன்பதாம் நம்பர் காத்துக்கிட்டிருக்கார். நீங்க விட்டா அவர் கொத்திட்டுப் போயிடுவார்."

அம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

மார்னி வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள். ஒரு நிமிடத்தில், சணல் பூட்ஸ்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இவர்தான் ஒன்பதாம் நம்பர். எங்க டெஸ் மாமா. அம்மாகூடத் தெரியாம போட்டி போட்டுட்டார்."

அம்மா தம்பியைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தாள்.

"கையத் தூக்கித் தூக்கி இருபத்தெட்டாயிரம் டாலர் ஏத்திட்டியேடா, தடியா!" என்றாள் அம்மா.

"நீ தூக்குவேன்னு நான் கனவா கண்டேன்!" என்றார் மாமா.

முதலில் சிரித்தது நோரீன்தான். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ மிச்சம் இருக்கறது இடிக்கறவர் மட்டும்தானா கிளைவ்? எல்லாரும் இதை இடிக்கத்தான் லாயக்குன்னு சொல்றாங்க," என்றார்.

"இல்லவே இல்ல ஆன்ட்டி!" என்றாள் மார்னி. "இருபத்தெட்டுக் கால்ல ஆறுதான் உளுத்திருக்கு. மிச்சமெல்லாம் இரும்பு மாதிரி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன வாரம் வீடு பாக்க விட்டாங்கள்ல, அப்போ அடியில போய் ஒவ்வொண்ணா ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாத்தேன்."

நோரீன் கிளைவைத் திரும்பிப் பார்த்தார். "வீடு பாக்க மூணு பெரிய மனுஷங்க வந்தாங்க. யாராவது குனிஞ்சாங்களா?"

கிளைவ் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அம்மா ஓரடி முன்னால் வந்தாள். "ஒண்ணு எழுபத்தெட்டு. நான் சொன்ன விலை, அதுல மாத்தமில்ல. அதுக்கு மேல போனா கூரை போட முடியாது. கூரை இல்லாம இந்த வீட்டைக் காப்பாத்த முடியாது." குரலில் நடுக்கமே இல்லை.

நோரீன் கையை நீட்டினார். அம்மா பற்றிக் குலுக்கினாள்.

அரை மணி நேரத்தில் கையெழுத்துகள் முடிந்தன. "புதுசா போடற ஆறு காலுக்கும் குழி நீதான் தோண்டணும்," என்று அம்மா மாமாவிடம் சொன்னாள். மாமா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

வாசலில் கிளைவ் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை மார்னியிடம் கொடுத்தார். 'விற்கப்பட்டது'. மார்னி விளம்பரப் பலகையில் எம்பி, அழுத்தி ஒட்டினாள். தெருவே கை தட்டியது.

"கோணலா இருக்கேடி," என்றார் மாமா.

மார்னி ஸ்டிக்கரைப் பார்த்தாள். சாய்ந்து நின்ற வீட்டைப் பார்த்தாள்.

"நேராத்தான் ஒட்டியிருக்கேன் மாமா. வீட்டுக்கு நேரா!"