நீல ஒயர் எந்த நாடு

காலை 9.20. தொழில் தேர்வு மையத்தின் மூன்றாம் அறையில், எலக்ட்ரீஷியன் தேர்வை மதிப்பிடும் தேர்வாளர் மல்லாந்து கிடந்தார். வலது உள்ளங்கை கருகியிருந்தது. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனதும் மையத் தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வந்தவர் போனவர் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். நேற்று அந்த அறையில் வேலை செய்தவள் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அந்தப் பெண் ஒருத்திதான்.

காலை 10.40. துருவி வந்து சேர்ந்தாள். அது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். எந்த நாட்டுப் படிப்பு இங்கே எந்தப் படிப்புக்குச் சமம் என்று ஒப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. ஒரு சான்றிதழ் கையில் கிடைத்தால் பாடத்திட்டம், பட்டறை, பயிற்சிக் காலம் என்று தேங்காய் மூடியை ஓடு தெரியும்வரை துருவுவதுபோல் துருவிவிடுவாள். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அவள் மேசையில்தான் இருந்தது. அதனால் அவளை அனுப்பினார்கள். அனுப்பும்போதே மேலதிகாரி, 'பழக்கப் பிழை' என்று எழுதி மதியத்துக்குள் முடித்துவிடச் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்திருந்தாள்.

உதவி ஆய்வாளர் அறை வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் நேற்று மாலை தேர்வுக்காக மின்பெட்டிக்கு ஒயர் பூட்டி முடித்தாள். தேர்வாளரே கதவைப் பூட்டி, கையெழுத்திட்ட தாளை ஒட்டினார். இன்று காலை அந்தத் தாளைக் கிழித்தவரும் அவரே. கிழியும்வரை அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதற்குச் சாட்சி இருந்தது. அலறல் கேட்டு முதலில் ஓடியவர் மையத் தலைவர். மெயினை அணைத்துவிட்டு உள்ளே போனவர், பின்னால் வந்தவர்களை ஆம்புலன்ஸுக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் விரட்டியிருக்கிறார்.

"பக்கத்து அறையில யாரும் இல்லையா?" என்றாள் துருவி.

"நாலாம் அறையில ரெண்டு பேர் இருந்தாங்க மேடம். அப்பத்தான் டிரில்லிங் மெஷின் ஓட ஆரம்பிச்சுதாம். அந்தச் சத்தத்துல அலறல் சரியா கேக்கலையாம்."

துருவி மின்பெட்டியைப் பார்த்தாள். நான்கு ஒயர்கள். இங்கே பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் மின்சாரம் ஓடுபவை. நீலம் நியூட்ரல், மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர், சாதாரணமாகத் தொட்டாலும் அடிக்காது. பெட்டியில் நீலம் கறுப்பின் இடத்திலும், கறுப்பு நீலத்தின் இடத்திலும் பூட்டப்பட்டிருந்தன.

மையத் தலைவர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். அந்தப் பெண்ணின் நாட்டில் பழைய முறை. அங்கே கறுப்புதான் நியூட்ரல், நீலத்தில் மின்சாரம் ஓடும். கை பழக்கத்துக்குப் போய்விட்டது. தேர்வாளர் நியூட்ரல் என்று நம்பித் தொட்டார், அடித்துவிட்டது. "தொட்டில் பழக்கம் மேடம். அவங்கள எல்லாம் உதவியாளர் தகுதிக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

துருவியின் கண் தரைக்குப் போனது. மேசைக்கடியில் தேர்வாளரின் மீட்டர் விழுந்து கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை, விழுந்தபடியே படம் எடுத்திருக்கிறோம் என்றார் உதவி ஆய்வாளர். அதன் திருகு குமிழ் 'பீப்' ஒலிக் குறியில் நின்றது. அதைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்து நடையிலிருந்த மெயின் பலகையைப் பார்த்தாள். '3, 4' என்று எழுதிய ஒரே சுவிட்ச். அதற்குக் கீழே ஒரு கொக்கி, காலியாக இருந்தது.

காத்திருப்பு அறையில் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன். எதிரே மேசைமேல் மையத் தலைவர் எழுதிவைத்த வாக்குமூலம். பழக்கத்தில் தவறிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வழக்கு வராது, உதவியாளர் சான்றிதழும் கிடைக்கும்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வாம்மான்னா கேக்க மாட்டேங்கிறா," என்று அண்ணன் துருவியிடம் முறையிட்டான். "பள்ளிக்கூடம் முடிச்சதும் சித்தி கூட்டிட்டுப் போய் அவங்க இருக்கற நாட்டுல படிக்க வெச்சாங்க. அன்னிக்கு ஏறின திமிரு, இன்னும் இறங்கல."

"பத்து வருசம் இந்த வேலை செஞ்சிருக்கேன் மேடம்," என்றாள் அவள். "செய்யாத தப்புக்குக் கையெழுத்து போட்டா அப்புறம் இந்தக் கையால நான் எதைத் தொடுறது? ஜெயிலுக்கு அனுப்பறதா இருந்தா அனுப்பட்டும். போட மாட்டேன்."

துருவி ஒரே கேள்வி கேட்டாள். "தேர்வாளர் சோதனை போடும்போது மெயின்ல என்ன மாட்டுவார்?"

"சிவப்பு அட்டை. 'வேலை நடக்கிறது, கை வைக்காதே'ன்னு. நேத்துகூட நான் வேலை செய்யறப்ப மாட்டியிருந்தார்."

மதியம் 12.15. துருவி எல்லோரையும் மூன்றாம் அறைக்கு வரச் சொன்னாள். மேலதிகாரி இரண்டு முறை அழைத்திருந்தார். அவள் எடுக்கவில்லை.

"அறைக்குள்ள ராத்திரி யாரும் போகல," என்று தொடங்கினாள். "போக வேண்டிய அவசியமும் இல்ல. ஒயர் மாறினது இன்னிக்குக் காலையில, தேர்வாளர் விழுந்ததுக்கு அப்புறம்."

மையத் தலைவர் சிரித்தார். அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசுகிறீர்கள் என்றார்.

துருவி மீட்டரைக் காட்டினாள். பீப் குறி, ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மின்சாரம் இல்லாதபோதுதான் அதை வைப்பார்கள். நாற்பது நாட்டுப் பாடத்திட்டங்களை அவள் ஒப்பிட்டிருக்கிறாள். ஒயரின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் முதலில் மின்சாரம் இல்லாமல் சோதனை, அதன் பிறகே மின்சாரத்தோடு சோதனை என்ற வரிசை எங்கும் மாறியதில்லை. தேர்வாளர் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைத்திருக்கிறார். அணைந்திருக்கும் பெட்டியில் எந்த ஒயர் எங்கே மாறியிருந்தாலும் அடிக்காது.

"அப்ப வெளியிலேர்ந்து யாரோ போட்டிருக்கணும்," என்றார் உதவி ஆய்வாளர் மெதுவாக.

"போட்டாங்க. அதே நிமிஷம் நாலாம் அறையில மெஷின் ஓடுச்சு. ரெண்டு அறைக்கும் ஒரே சுவிட்ச். அதுல மாட்டியிருந்த சிவப்பு அட்டையையும் காணோம்."

மையத் தலைவரின் கைக்குட்டை மறுபடி நெற்றிக்குப் போனது. யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாமே என்றார்.

"இருக்கலாம். ஆனா ஆம்புலன்ஸ் கூப்பிட எல்லாரையும் அனுப்பிட்டு, இந்த அறையில தனியா இருந்தது ஒருத்தர்தான். அவர்தான் பழிய இந்தப் பொண்ணு மேல போட ஒயரை மாத்தினார். பழைய முறைப்படி, கச்சிதமா. அங்கதான் தப்பு பண்ணிட்டார்." துருவி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க பார்த்தது அவங்க பிறந்த நாட்டை. சான்றிதழைப் பார்க்கல. அவங்க தொழில் படிச்சது சித்தி இருக்கற நாட்டுல. அங்க நியூட்ரல் நீலம்தான், இங்க இருக்கற மாதிரியே. பத்து வருசமும் அதே நிறத்துலதான் வேலை. அந்தக் கைக்கு நீங்க சொல்ற பழக்கமே கிடையாது. பழக்கம் பிறந்த இடத்துலேர்ந்து வராது சார், கத்துக்கிட்ட இடத்துலேர்ந்து வரும்."

உதவி ஆய்வாளர் சட்டைப்பையைக் காட்டச் சொன்னார். மையத் தலைவர் தானாகவே சிவப்பு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலாம் அறையில் மின்சாரம் இல்லை என்று கூப்பிட்டார்கள், யாரோ கழற்ற மறந்த அட்டை என்று நினைத்தேன், அவசரத்தில் போட்டுவிட்டேன் என்றார். கொல்ல நினைக்கவில்லை என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறையில் செய்ததை அவர் அவசரத்தில் செய்யவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தேர்வாளர் கண் விழித்ததாக மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. மேலதிகாரியும் திரும்ப அழைத்தார். குரல் இப்போது தேனாக ஒழுகியது. நடந்ததற்கு ஈடாக, தேர்வு இல்லாமலே அந்தப் பெண்ணுக்குத் தேர்ச்சி தந்துவிடலாம் என்றார்.

துருவி அதை அவளிடம் சொன்னபோது அவள் எழுந்து நின்றாள்.

"இரக்கப்பட்டுக் குடுக்கற பாஸ் எனக்கு வேண்டாம் மேடம். வேற அறை குடுங்க, வேற தேர்வாளரைக் கூப்பிடுங்க. முதல்லேர்ந்து பூட்டறேன்."

ஐந்தாம் அறையில் பூட்டினாள். வேறொரு மையத்திலிருந்து வந்த தேர்வாளர் முகத்தில் எதையும் காட்டாமல் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். மெயின் சுவிட்சுக்கு அந்தப் பெண்ணே காவல் நின்றாள். கடைசியில் சுவிட்சைப் போட்டதும் பெட்டியோடு இணைத்திருந்த மோட்டார் சரியான திசையில் சுழன்றது.

துருவி அங்கேயே நின்றபடி எழுதினாள்: முழுத் தகுதி, இங்கே படித்த எலக்ட்ரீஷியனுக்குச் சமம்.

"இனிமே இவள வீட்டுல யாரு சமாளிக்கிறது?" என்றான் அண்ணன்.

"யாரும் சமாளிக்க வேண்டாம்," என்றபடி அவள் ஸ்குரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டாள். "வழி விட்டாப் போதும்."