நூற்று எழுபதும் நூற்றுப் பத்தும்

வியாழக்கிழமை காலை நோயாளிகள் கூட்டம் கலைந்ததும், ரஞ்சிதா ஒரு காகிதத்தை மரியம்மாள் சிஸ்டரின் மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். லேபிலிருந்து பின்னாலேயே ஓடி வந்த அசோக்குக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் நர்ஸ், அவன் லேப் டெக்னீஷியன். கல்யாணமான ஆறாவது மாதம் இருவரும் கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவர்கள்.

காகிதம் டாக்டர் யுவராஜ் கொடுத்தது. செங்கோடன் என்ற மிளகு விவசாயிக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் இங்கே ரஞ்சிதா ரத்த அழுத்தம் பார்க்கிறாள், நூற்று எழுபது. புதன்கிழமை கிராமச் செவிலியர் ராதிகா அவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறாள், நூற்றுப் பத்து. மூன்று வாரமாக இதே கதை. எதை நம்புவது என்று தெரியாமல் மாத்திரையை நிறுத்தி வைத்த டாக்டர், இருவரிடமும் விளக்கம் கேட்டிருந்தார்.

"அளக்காமலே எழுதறேன்னு பேசிக்கறாங்க சிஸ்டர்" என்றாள் ரஞ்சிதா.

"மெஷின் கோளாறுதானுங்க. வேற என்ன?" என்றான் அசோக்.

முப்பது வருட சர்வீஸில் மரியம்மாள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இரண்டு கருவிகளையும் வரவழைத்து, அசோக்கின் கையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிப் பார்த்தார். இரண்டும் நூற்று இருபத்தெட்டு என்றன.

"அப்ப ராதிகா அந்த ஊட்டுக்கே போறதில்லைங்க!"

"ஒருத்தி உண்மை சொன்னா இன்னொருத்தி பொய்க்காரியா இருக்கணுமா அசோக்?" என்று கேட்ட மரியம்மாள், நோயாளிகள் உட்காரும் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். அதன் வலப்பக்கத்தில் கருவி வைக்கும் மேசை. "ஜீப்பை எடுக்கச் சொல்லு. அவரைப் பார்த்துட்டு வருவோம்."

தேவனூர் நாடு என்ற மலைப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் செங்கோடனின் வீடு. மனிதர் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலின் வலது ஓரம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர், தலைசுற்றிச் சறுக்கி விழுந்திருந்தார். நல்ல வேளை, பாதி உயரம்தான்.

"சும்மா இருக்கறப்ப ஒண்ணுமில்லீங்க" என்றார். "எனக்கு இடக்கைப் பழக்கம். மேல தூக்கிக் கொஞ்ச நேரம் பறிச்சா கை கடுக்கும், அப்பறம் கண்ணு இருட்டும். இறங்கி உக்காந்தா சரியாயிரும்."

"அந்தக் கையி எந்நேரமும் சில்லுனு கிடக்குதுங்க" என்றாள் அவர் மனைவி குப்பாயி. "அடுப்புக்கிட்ட உக்கார வச்சு நாந்தான் தேச்சு விடறேன்."

அந்த இடது மணிக்கட்டில் புத்தம்புது வாட்ச் ஒன்று மின்னியது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தனா அனுப்பியது.

"நாடி எண்ணுமாங்க அது. மணி காட்டுது, நாடி மட்டும் காட்ட மாட்டேங்குது. புள்ள வாங்கிக் குடுத்தது, கழட்ட மனசு வரலீங்க" என்றார் செங்கோடன்.

மரியம்மாள் அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் ஆனது. "ஐயாவை ஜீப்புல ஏத்து. குப்பாயம்மா, நீங்களும் வாங்க" என்றார்.

டாக்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள். ராதிகாவும் ரஞ்சிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ராதிகா, அவங்க வீட்டுல அளக்கற மாதிரியே அளம்மா. ரஞ்சிதா, நீ இங்க அளக்கற மாதிரி" என்றார் மரியம்மாள்.

ராதிகா இடது கையில் பட்டையைச் சுற்றினாள். ரஞ்சிதா வலது கையில் சுற்றினாள். சுற்றும்போதே இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

"நூற்றெட்டு" என்றாள் ராதிகா.

"நூற்று எழுபத்திரண்டு" என்றாள் ரஞ்சிதா.

"ரெண்டு பேரும் கண்டதைத்தான் எழுதியிருக்காங்க டாக்டர். அங்க கட்டில்ல படுக்க வச்சு அளக்கறா, வலது பக்கம் சுவர், இடது கைதான் எட்டும். இங்க மேசை வலது பக்கம். ஏமாத்தினது இந்த இடது கை."

மரியம்மாள் வாட்சைக் கழற்றி வலது மணிக்கட்டில் மாட்டினார். சிறிது நேரத்தில் அதில் எழுபத்தெட்டு என்று எண் தோன்றியது. குப்பாயி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"வாட்ச் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கையில எண்ணறதுக்குப் போதுமான நாடி இல்லை. நெஞ்சுலேர்ந்து வர்ற ரத்தக்குழாய் காறை எலும்புக்கு அடியில நுழைஞ்சு, அக்குளைத் தாண்டி, மேல்கையில ஒரே குழாயா இறங்கும். முழங்கை மடிப்புல ரெண்டாப் பிரிஞ்சு மணிக்கட்டுக்கு வரும். ஐயாவுக்கு அது தொடக்கத்துலயே சுருங்கியிருக்கணும். கை வேலை செய்யறப்ப ரத்தம் கூடுதலா வேணும். நேர்வழி சுருங்கிட்டதால, மூளைக்கு ஏறுற குழாய்லேர்ந்து கை அதைத் தன் பக்கம் இழுத்துக்குது. தலை சுத்துது."

டாக்டர் யுவராஜ் எழுந்து வந்து இரு நாடிகளையும் தாமே தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அப்ப நிஜ அழுத்தம் நூற்று எழுபது. நான் மாத்திரையை நிறுத்தி வச்சிருக்கேன்." மருந்துச் சீட்டை எடுத்தார். "முதல் நாளே நான் ரெண்டு கையிலயும் பார்த்திருக்கணும் சிஸ்டர்" என்றவர், மாத்திரையை எழுதினார். அடுத்ததாக ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். கடைசியாக, விளக்கம் கேட்டு இருவருக்கும் கொடுத்த காகிதங்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ராதிகாவின் முன்னால் போய் நின்றான் அசோக். "நீங்க அந்த ஊட்டுக்கே போறதில்லைன்னு சொல்லிட்டேனுங்க. மன்னிச்சுக்கங்க."

"அந்த ஏத்தத்துல என்கூட ஒரு நாள் நடந்து வாங்க, மன்னிக்கறேன்" என்றாள் ராதிகா. ரஞ்சிதா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சமவெளியின் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில், மரியம்மாள் சொன்ன இடத்திலேயே குழாய் சுருங்கியிருந்தது. ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழல் ஒன்றை உள்ளே வைத்து அதை விரித்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன அசோக்கும் ரஞ்சிதாவும் மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்கள். முன்சீட்டில் செங்கோடனும் குப்பாயியும். மரியம்மாள் சொல்லிக் கொடுத்தபடி, குப்பாயி இரண்டு விரல்களை அவருடைய இடது மணிக்கட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"விடு புள்ள, பஸ்ஸே பாக்குது" என்றார் செங்கோடன்.

"பாக்கட்டும். துடிக்குதுங்க."

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறியது. எழுபது வளைவுகளும் முடியும்வரை அவள் விரலை எடுக்கவேயில்லை.