வீழ்த்தியவனுக்குத் தலை

பன்றியின் கழுத்தில் இரண்டு வெட்டுகள் இருந்தன. ஒன்று, ரத்தம் வடிய மலையில் மொரியோ போட்டது. இன்னொன்று இரண்டு விரல் கீழே, முரட்டு மயிருக்குள் ஒளிந்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவியபோதுதான் கண்ணில் பட்டது.

பின்கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தமும், அண்டாவில் நீர் கொதிக்கும் சத்தமும், ஈர மயிரின் வாடையோடு கலந்து வரும் புதுக் கொழுப்பின் இனிப்பு மணமும் அவருக்கு நாற்பது வருடமாகப் பழகியவைதான். ஆனால் இன்று நாய் கொமா, எறிந்த ஈரல் துண்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் விறகுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்தது.

"இன்னுமா உங்க தம்பி வரல?" மனைவி சதே எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்துதானே போனீங்க?"

"தகேஜி சுத்துப் பாதையில வருவான். கறி ஆறிப்போனா வீச்சமடிக்கும்னு நான் முந்திட்டேன்."

"இந்தத் தடவையாவது தலை நமக்கா?"

"பின்னே? சுட்டது நானாக்கும்!"

வீழ்த்தியவனுக்குத் தலை, மற்றதெல்லாம் சமக் கூறு. அந்த மலையில் அதுதான் வழக்கம். ஏழு குளிர்காலமாகத் தலை தகேஜிக்கே போயிற்று. தம்பி என்றாலும் வயிறு எரியாமல் இருக்குமா? "அண்ணே, உனக்கு வாலாவது வேணுமா?" என்று ஊரார் முன்னால் கேட்டுச் சிரிப்பான், படுபாவி. இன்றும் முதலில் வெடித்தது அவன் துப்பாக்கிதான். அதன்பின் வெகுநேரம் சத்தமே இல்லை. தவறவிட்டிருப்பான் என்று மொரியோ உள்ளுக்குள் மகிழ்ந்தார். அப்போது மூடுபனிக்குள் மூங்கில் அசைந்தது. முழு உருவம் தெரியாமல் சுடாதே என்பது வேட்டையின் முதல் விதி. அவர் அசைவைப் பார்த்தே சுட்டுவிட்டார். ஓடிப் பார்த்தால் பன்றி கிடந்தது, பனியெல்லாம் ரத்தம். அப்பால் பள்ளத்தில் ஏதோ கனமாக உருண்டது. கூட இருந்த இன்னொரு பன்றி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் அறுத்தபோது ரத்தம் அவ்வளவாக வரவில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பலகையில் கிடந்த பன்றியைப் புரட்டினார். காதடியில் சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை. அது தகேஜியின் ரவை. தன் குண்டு பெருவிரல் பருமன். விலாவில் தேடினார். தொடையில் தேடினார். எங்கும் இல்லை.

செத்த பன்றி தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளாது. யாரோ பக்கத்தில் குனிந்திருந்தான். மூங்கிலுக்குள். கத்தியோடு.

"ஐயோ, தம்பி!"

பள்ளத்தில் இறங்கக் கயிறு வேண்டும். ஆணியிலிருந்து எடுத்தார். அப்போது வெளியே பனி நொறுங்கியது. காலடிகள். கொமாவின் முனகல் நின்றது.

"இதோ வந்துட்டாரே!" உள்ளிருந்து சதேயின் குரல். "நான் உங்களுக்குக் குடிக்க சாக்கே சூடு பண்றேன்."

தகேஜி கொட்டகைக்குள் வந்தான். ஆரஞ்சுச் சட்டையெல்லாம் பனி. மொரியோவுக்கு அழுகை பொங்கியது.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? எனக்கு உயிரே போயிடுச்சுடா!"

தம்பி பார்த்துக்கொண்டு நின்றான்.

குளிரில் மொரியோவின் வாயிலிருந்து ஆவி பறந்தது. நாயின் வாயிலிருந்தும் பறந்தது.

தம்பியின் வாயில் இல்லை.

அவனுக்கு ஆவி மார்பிலிருந்து வந்தது. சட்டை கிழிந்த இடத்திலிருந்து. பெருவிரல் பருமன். வயிறு கிழித்த பன்றியிலிருந்து எழுவதுபோல் மெதுவாக எழுந்தது.

"தலை யாருக்குண்ணே?"

மொரியோ ஓரடி பின்வாங்கினார்.

"வீழ்த்துனவனுக்குத்தானே?" அதே பழைய சிரிப்பு. "இந்தத் தடவை உனக்குத்தான்."

பன்றியைப் பலகையிலிருந்து தள்ளினான். தொப்பியைக் கழற்றினான். மண்டியிட்டான். பலகையில் கழுத்தை நீட்டி வைத்து, கன்னத்தைப் பன்றி ரத்தத்தில் சாய்த்து, அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

"சீக்கிரம்ணே. ஆறிப்போனா வீச்சமடிக்கும்."

மொரியோ தன் கையைப் பார்த்தார். கயிறு கீழே கிடந்தது. கையில் கத்தி இருந்தது.