நாற்பத்தோரு மௌனங்கள்

பூட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படியேறும்போதே அழுதுவிடுவார்கள். மீதிப் பேர் மேலே வந்து உட்கார்ந்து அழுவார்கள். அன்று காலை பத்தரை மணிக்கு வந்த பெண்மணி இரண்டாவது ரகம். ஐம்பது வயது இருக்கும். கைப்பைக்குள்ளிருந்து ஒரு கணினி வட்டை எடுத்து மேசையில் வைத்தார், அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்தார்.

"அழுதுட்டுச் சொல்லுங்க, இல்ல சொல்லிட்டு அழுங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா எனக்குப் புரியாது," என்றாள் அறையின் சொந்தக்காரி.

அவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்தது கீழே இருக்கும் பூட்டுக்கடைக்காரர். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவளே ஒரு நொடி யோசிப்பாள். மற்றவர்கள் கைவிட்ட வட்டுகளைப் படிப்பது அவள் தொழில். அவற்றில் உள்ள பொய்யைக் கண்டுபிடிப்பது அவள் ஆசை. இரண்டுக்கும் துணையாக அவளுடைய அக்கா வீட்டுக்காரர் இருந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் அக்கா வேலை வைப்பாள் என்று பயந்து தினமும் இங்கே வந்துவிடுவார்.

"முதல்ல இதுல உங்க விஷயத்தை அடிச்சிடுங்கம்மா," என்று கண்டக்டர் விசைப்பலகையை நகர்த்தி வைத்தார். அது அந்த அறையின் சட்டம். வாயால் சொல்லும்போது கோபம் கலந்துவிடும், தட்டும்போது விஷயம் மட்டும் வரும் என்பது நிதானத்தின் கட்சி.

பெண்மணி தட்டினார். பத்து விரலும் ஓடின. பார்வை மட்டும் கீழே இறங்கவே இல்லை. கண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து 'தாழ்ப்பாள்' என்ற கணினி விளையாட்டைச் செய்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு சிறுமி அறை அறையாகத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். வட்டை அச்சுக்குக் கொண்டுபோனவர் அண்ணன். அச்சாகி வந்தபோது முதல் திரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. இப்போது ஒரு நிறுவனம் அந்த விளையாட்டைப் புதிதாக வெளியிடப் போகிறது. எழுத்து, புரோகிராம் எல்லாம் தானே என்றும், தங்கை படம் மட்டும் வரைந்தாள் என்றும் அண்ணன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மேலட்டை இன்று மாலை நாலு மணிக்கு அச்சுக்குப் போகிறது.

"உண்மையில?" என்று கேட்டாள் நிதானம்.

"தலைகீழ். படம் அவர் வரைஞ்சது. எழுத்தும் புரோகிராமும் நான். மூணு வருஷம், ரெண்டு ஷிப்ட் வேலைக்கு நடுவுல. அதுல ஒரு அறை இருக்குங்க, பேரு மௌனம். எல்லா அறையிலயும் எதையாவது அமுக்கினாத்தான் கதவு திறக்கும். அங்க மட்டும் ஒரு நிமிஷம் எதையும் தொடாம இருந்தாத் திறக்கும். அது என் மூளையில உதிச்சது. அதை அவர் தன்னுதுன்னு சொல்றப்போ, பெத்த பிள்ளையப் பக்கத்து வீட்டுக்காரி தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

"வட்டுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. கணினியில போட்டா பத்து நொடிப் படம் ஒண்ணு ஓடுது. 'இதை விளையாட்டுப் பெட்டியில் போடவும்'னு சொல்லிட்டு நின்னுடுது. டி.வி.யில மாட்டி ஆடுற அந்தப் பெட்டி இப்போ எங்க இருக்கு? எல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு."

நிதானம் வட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் இரண்டு வளையமாக இருந்தது. உள்ளே மெல்லிய வளையம், வெளியே அகலமான வளையம். அலமாரியிலிருந்து வட்டு படிக்கும், மூடி இல்லாத ஒரு பழைய டிரைவை இறக்கினாள்.

"ஏம்மா, எந்த டிரைவும் அந்தச் சின்னப் படத்தை மட்டும்தானே காட்டும்?" என்றார் கண்டக்டர்.

"அத்தான், கணினி டிரைவ்கிட்ட என்ன கேக்குது? 'இந்த வட்டுல என்ன இருக்கு?'ன்னு. டிரைவ் முன்வாசலைக் காட்டி 'இவ்வளவுதான்'னு சொல்லிடுது. நான் அப்படிக் கேக்க மாட்டேன். நேரா டிரைவ்கிட்டயே, 'இந்த எண்ணுள்ள துண்டைப் படி'ன்னு கட்டளை போடுவேன்."

"அதாவது பயணி கேட்டா, வண்டி அங்க போகாதும்பான் டிரைவர். டெப்போ மேனேஜர் சொன்னா எந்த ஸ்டாப்புலயும் நிறுத்தித்தான் ஆகணும்."

"அதேதான்."

சாதாரணக் கட்டளைக்கு டிரைவ் மறுத்தது. அந்த டிரைவைச் செய்தவர்கள் தங்கள் சோதனைக்காக வைத்துக்கொண்ட ரகசியக் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க நிதானத்துக்கு ஏழு மாதமும் மூன்று டிரைவ்களும் ஆகியிருந்தன. இப்போது அதை அனுப்பினாள். டிரைவ் ஒரு முறை கனைத்துக்கொண்டு வேகமாகச் சுற்றத் தொடங்கியது. விளையாட்டுப் பகுதியின் முப்பத்திரண்டாம் துண்டில் ஒரு அடையாளச் சொல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பெயர் அட்டவணை எங்கே இருக்கிறது என்ற எண். அட்டவணையில் ஒவ்வொரு பெயரும் தனக்கு முந்தியதை இடப்பக்கமும் பிந்தியதை வலப்பக்கமும் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். பதினைந்து நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் திரையில் வரிசையாக நின்றன.

"எப்படி! எங்க வீட்டுப் பொண்ணு!" என்று கண்டக்டர் மேசையைத் தட்டினார். அவருக்குப் பெருமை வந்தால் மேசைதான் அடி வாங்கும்.

பெண்மணி எதிர்பார்த்தது, அச்சுக்குப் போகும் முன் இருந்த பழைய முதல் திரையை. இரண்டு பெயரும் இருந்த அந்தத் திரை அட்டவணைக்கு வெளியே எங்காவது மிச்சம் இருக்கும் என்று நம்பினார். நிதானம் கோப்புகளுக்கு இடையே இருந்த வெற்றிடம் முழுவதையும் படித்தாள். எல்லாம் பூஜ்யம். அண்ணன் தங்கையின் பெயரைத் துடைத்து வழித்து எடுத்திருந்தார்.

"சரி, அந்த அறையையாவது பார்க்கலாம்," என்று கண்டக்டர் தேடும் பெட்டியில் இங்கிலீஷ் எழுத்தால் 'மௌனம்' என்று தட்டினார். திரையில் வந்த விடை: இல்லை.

மறுபடி தட்டினார். இல்லை.

பெண்மணியின் முகம் வெளுத்தது. "அது எப்படிங்க? அந்த அறையையே எடுத்துட்டாரா?"

நிதானம் காலையில் பெண்மணி தட்டிய குறிப்பை எடுத்து ஒரு முறை படித்தாள். பிறகு விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க அடிங்க."

பெண்மணி தட்டினார். அதே சொல், அதே உருவம். விடை: நாற்பத்தோரு இடங்கள்.

கண்டக்டர் திரையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். "என் கை ராசி அப்படியா?"

"உங்க கைக்கு ஒண்ணும் இல்ல அத்தான். அம்மா, நீங்க டைப்பிங் எங்க கத்துக்கிட்டீங்க?"

"பள்ளிக்கூடம் முடிச்சதும் டைப்ரைட்டிங் வகுப்புல. பழைய மெஷின்."

"உங்க அண்ணன்?"

"அவருக்கு அந்தப் பொறுமை ஏது? ரெண்டு விரல்தான். இங்கிலீஷ் எழுத்துல தட்டித் தமிழ் வரவைப்பார்."

நிதானம் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "மூணு மணிக்கு உங்க அண்ணனையும் வெளியீட்டாளரையும் வரச் சொல்லுங்க. அண்ணன் தன்னோட வட்டைக் கொண்டு வரட்டும்."

மூன்று மணிக்கு வந்த அண்ணன், தும்பைப்பூ நிறச் சட்டையும் தோரணையுமாக உட்கார்ந்தார். கூட வந்த வெளியீட்டாளர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த கறாரான அம்மாள். தங்கை ஜன்னல் ஓரமாக நின்றார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சார், உங்க கடிதத்துல சொன்னதை ஒரு தடவை உறுதி பண்ணிக்கிறேன்," என்றாள் நிதானம். "விளையாட்டுல இருக்குற ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே தட்டினீங்க?"

"ஒவ்வொரு எழுத்தும். இவ விசைப்பலகையைத் தொட்டதே இல்ல. படம் மட்டும்தான்."

"மௌனம் அறை?"

"என் யோசனை. இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்திதான் எல்லாரும் என்கிட்ட கேக்குறாங்க."

"வட்டு உங்களுதுதானே? அச்சான வட்டு, யாரும் அதுல ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாது. சரியா?"

"சரி," என்று அவர் நீட்டினார். நிதானம் அதையே டிரைவில் போட்டாள். கோப்புகள் வரிசையாக வந்தன. வெளியீட்டாளர் அம்மாள் முதல் முறையாகக் கடிகாரத்தை மறந்தார்.

"இப்போ அந்த அறையோட பேரைத் தேடுங்க சார். உங்க கையாலேயே."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு விரலால், இங்கிலீஷ் எழுத்தில் தட்டினார். இல்லை என்றது திரை. சிரிப்பு சற்று நின்றது. மறுபடி தட்டினார். மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். அவருடைய வட்டில், அவருடைய விளையாட்டில், அவருடைய மௌனம் ஒன்றுகூட இல்லை.

"உங்க மெஷின்ல கோளாறு."

"அம்மா, நீங்க வாங்க," என்றாள் நிதானம்.

தங்கை வந்தார். நின்றபடியே, திரையைப் பார்த்தபடியே தட்டினார். நாற்பத்தொன்று.

நிதானம் ஒரு காகிதத்தில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதினாள்.

"மௌனம்னு எழுதும்போது ம-வுக்கு முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு குறி. அந்தக் குறி பார்க்க ள மாதிரியே இருக்கும், ஆனா ள இல்ல. நம்ம கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு உருவம் கிடையாது, எண்தான். அதுக்கு இந்தக் குறி ஒரு எண், ள வேற எண். இந்தம்மா கத்துக்கிட்ட மெஷின்ல குறிக்குத் தனிக் கட்டை இல்ல, ள-வைத்தான் தட்டணும். அந்தப் பழக்கம் விரல்ல தங்கிடுச்சு. காலையில எனக்கு அடிச்ச குறிப்புலயும் அப்படித்தான். நீங்க இங்கிலீஷ் எழுத்துல தட்டுறவர். உங்க கையில சரியான குறி மட்டும்தான் வரும். இந்தத் தப்பை நீங்க செய்யணும்னு நினைச்சாலும் வராது."

அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். "அது... நான் சொல்லச் சொல்ல இவ அடிச்சிருப்பா. அதுல என்ன?"

"என்ன சார், டிக்கெட் எடுக்காம ஏறிட்டு இப்போ பாஸ் இருக்குங்கிறீங்க?" என்றார் கண்டக்டர். "இவங்க விசைப்பலகையைத் தொட்டதே இல்லன்னு சொல்லி அஞ்சு நிமிஷம் ஆகல!"

"அதையும் பார்த்துடலாம்," என்றாள் நிதானம், குரல் மாறாமல். "நாற்பத்தொண்ணுல முப்பத்தெட்டு, ஆடுறவங்க படிக்கிற கதையில வருது. மூணு மட்டும் புரோகிராமுக்குள்ள. ஒரு இடத்துல அறைக்குப் பேர் வைக்குது, ரெண்டு இடத்துல அந்தப் பேரைக் கேட்டுக் கதவைத் திறக்குது. மூணும் எண்ணுக்கு எண் பொருந்தினாத்தான் திறக்கும். அதுல ஒண்ணை நீங்க தட்டியிருந்தாலும் அந்தச் சிறுமி இன்னைக்கு வரைக்கும் உள்ளேயே நின்னுட்டிருப்பா. அவளை வெளியே விட்டது யாரு சார்?"

அண்ணன் முதல் முறையாகத் தங்கையை நிமிர்ந்து பார்த்தார், உடனே குனிந்துகொண்டார். பெயரை அவர் எல்லா இடத்திலும் துடைத்திருந்தார். எழுத்துக்குள் இருந்த கையைத் துடைக்க அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த எழுத்தை அவர் ஒரு நாளும் உட்கார்ந்து எழுதியதே இல்லை.

தங்கை சிவந்துபோய் நின்றார். "இத்தனை வருஷமா தப்பாவா அடிச்சிருக்கேன்? வெட்கமா இருக்கு."

"வெட்கப்படாதீங்கம்மா. இது உங்க கையெழுத்து. நாற்பத்தோரு இடத்துல போட்டிருக்கீங்க," என்றாள் நிதானம். அவள் அப்படிச் சிரித்துக் கண்டக்டர் பார்த்ததில்லை.

வெளியீட்டாளர் அம்மாள் மடிக்கணினியைத் திறந்து மேலட்டையை எடுத்தார். மணி மூன்று நாற்பது. பெயர் இருந்த இடத்தை வெறுமையாக்கி, தங்கையின் முன் நகர்த்தினார். "உங்க பேரை நீங்களே அடிங்க. புது வெளியீட்டுல அந்தச் சொல்லையும் சரி பண்ணிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க," என்றார் தங்கை. குரலில் அழுகை இல்லை. "அது அப்படியே இருக்கட்டும். கதவு அதுக்குத்தான் திறக்கும்."

எழுத்து, புரோகிராம் என்று தட்டி அதற்கு எதிரே தன் பெயரைப் போட்டார். கீழே பார்க்காமல், பத்து விரலாலும். பிறகு ஒரு கணம் நிறுத்தி அடுத்த வரியில் படங்கள் என்று தட்டினார். அதற்கு எதிரே அண்ணன் பெயரைப் போட்டார்.

"நல்லா வரைவார்ங்க," என்றார் வெளியீட்டாளரிடம்.

கண்டக்டர் மேசையை ஓங்கித் தட்டினார்.