கிரேன் ஏறும் முன்னே

டீயைக்கூட மாமியார் அவள் கையிலிருந்து வாங்கவில்லை.

“கீழ வை. நானே எடுத்துக்கிறேன்!”

மூன்று மாதமாக இதே கதைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, சூப்பர்வைசருக்குப் போன் செய்தவள் அவள். “குடிச்சிருக்காரான்னு பாக்குற மெஷின்ல இன்னிக்கு உங்க கண்ணு முன்னால ஊதச் சொல்லுங்க சார்...” கிரேன் சாவி பறிபோனது. சிகிச்சைக்கு அனுப்பினார்கள். இன்றுதான் மறுபடி வேலை.

“கட்டின புருஷனையே காட்டிக் குடுத்த மகராசி! இன்னிக்கு யாருக்குப் போன் போடப் போறே?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிபன் பாக்ஸை மூடினாள். பதில் இருந்தது. சொன்னால் இன்னொருவன் பிழைப்பு போய்விடும்...

“அம்மா, போதும்!” வாசலில் கொழுந்தன். அண்ணன் கிரேனுக்குக் கீழே நின்று பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டுபவன்.

“அண்ணிக்கு வக்காலத்தா?”

“ஆமா. குடிச்சவன் ஊதினா மெஷின் காட்டிடும்ல? அப்புறம் எப்படி அண்ணன் அத்தனை நாள் மேல ஏறினான்? அவனுக்குப் பதிலா நான்தாம்மா ஊதினேன்!”

மாமியாரின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

“கப்பல் வந்தா ரெண்டு ஷிப்டு, தூக்கமே இல்ல... பாவமேன்னு ஊதினேன். ஊதிட்டு, அவன் தூக்குற பெட்டிக்குக் கீழயே போய் நின்னேன் பாரு, என்னை மாதிரி புத்திசாலி உண்டா! அவனுக்குப் பதிலா யார் ஊதினதுன்னு சூப்பர்வைசர் கேட்டப்போ அண்ணி என் பேரைச் சொல்லல. நேத்து நானே போய் ஒத்துக்கிட்டேன். ரெண்டு வாரம் சஸ்பெண்டு.”

குளித்துவிட்டு வந்த கணவன் கதவோரம் நின்றுவிட்டான்.

“முடியலன்னு சொன்னா வேலை போயிடும்னு பயம்மா. அந்தப் பயத்துக்குத்தான் குடிச்சேன். அன்னிக்குக் கை அப்படி நடுங்குச்சு... இவ மட்டும் போன் பண்ணலன்னா, தம்பி இன்னிக்கு...”

அவன் தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டான்.

மாமியார் தடுமாறி எழுந்து மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “என் ரெண்டு பிள்ளையையும் காப்பாத்தினவளையா நான்... ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா உங்க சின்னப் பிள்ளையையும் திட்டுவீங்களே, அத்தை...”

அழுதுகொண்டே சிரித்தார்கள் இருவரும்.

படியிறங்கும்போது கணவன் திரும்பினான். “உனக்கு நான் எப்படி நன்றி சொல்றது?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். போய் நீங்களே ஊதுங்க.”

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. சூப்பர்வைசர்! அவள் ஓடிப்போய் எடுத்தாள்.

“ஊதினாரும்மா. சாவியைக் குடுத்துட்டேன்.”

போனை நெஞ்சோடு அணைத்தபடி அவள் திரும்பினாள். மாமியார் காலையில் குடிக்காமல் வைத்த டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“டீ ஆறிப்போச்சு... உன் கையால இன்னொண்ணு போட்டுக் குடேன்.”