செம்பு நிறச் சட்டை

சிலந்தி உரித்த சட்டை பெட்டிக்கு வெளியே கிடந்தது.

போக்னாவின் சமையலறை மேசையில், உப்பு ஜாடிக்கும் காய்ந்துபோன ரொட்டித் துண்டுக்கும் நடுவில், எட்டுக் கால்களையும் ஊன்றி உயிருள்ளதைப் போலவே உட்கார்ந்திருந்தது அந்த வெற்றுத் தோல். யூலிதா பதறிப் பின்வாங்கினாள். பிறகுதான் அதன் முதுகில் திறந்திருந்த பிளவு கண்ணில் பட்டது. அலமாரியில் கண்ணாடிப் பெட்டியின் கொக்கி மாட்டியபடியே இருந்தது. உள்ளே போக்னாவின் டரான்டுலாச் சிலந்தி சுவரைப் பார்த்து அசையாமல் இருந்தது. சட்டை உரித்தால் புது மயிர் வந்துவிடும்; மயிர் தேய்ந்து வழுக்கையான அதன் முதுகைப் பார்த்ததுமே அது இன்னும் சட்டை உரிக்கவில்லை என்று யூலிதாவுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியானால் இது எதனுடையது?

போலந்தின் போஸ்னான் நகரில் டரான்டுலா வளர்ப்பவர்கள், தாங்கள் வாங்கியது என்ன இனம், தனி இனமா வெறும் நிற வேறுபாடா என்று கேட்க யூலிதாவிடம்தான் வருவார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு எல்லாம். அவளும் இரண்டு மாடி மேலே குடியிருந்த போக்னாவும் ஒரே கண்காட்சியில், ஒரே முட்டைப் பையிலிருந்து வந்த குஞ்சுகளை ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். யூலிதாவினுடையது தரை துடைக்கும் துணி போலச் சாம்பலாக வளர்ந்தது. போக்னாவினுடையது செம்பாக வளர்ந்தது. விளக்கடியில் வைத்தால் ஊதிவிட்ட தணலைப் போல ஜொலிக்கும்.

சிலந்தி வளர்ப்போர் சங்கத்தின் போன கூட்டத்தில் யூலிதாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் கைபேசியோடு போக்னாவின் பெட்டியை மொய்த்தார்கள்.

"வெறும் நிற வேறுபாடுதான்," என்றாள் யூலிதா. "ஒரே முட்டைப் பையில சாம்பலும் வரும், செவப்பும் வரும்."

"உனக்குச் சாம்பல் வந்துடுச்சேன்னு வயித்தெரிச்சலாம்மா?" என்றார் சங்கத்துப் பெரியவர் வாக்வாவ். கூடமே சிரித்தது. போக்னாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் யூலிதாவின் நெஞ்சில் தங்கிவிட்டது.

அதே போக்னா, மலைப்பக்கம் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சாவியை அவள் கையிலேயே கொடுத்திருந்தாள். "தண்ணி மட்டும் மாத்திடு யூலா. வேற எதுவும் கெடந்தா தொடாதடி."

யூலிதா தொட்டாள். கைக்குட்டையில் பொதிந்து தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்டு, தோல் இளகும்வரை ஊறவைத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே இடுக்கியால் மெல்லப் பிரித்தாள். நிறம் ஏமாற்றும். ஆனால் பெண் சிலந்தியின் வயிற்றுத் தோலில் ஒட்டியிருக்கும் விந்துப் பையின் வடிவம் ஏமாற்றாது. ஒவ்வொரு இனத்துக்கும் அது வேறு வேறு.

இந்த வடிவத்தை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

புது இனம். சிலந்தியில் ஆண் எது, பெண் எது என்றுகூடத் தெரியாத போக்னாவிடம்! இதைத் தன் சிலந்தியின் சட்டை என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

கைபேசி அடித்தது. போக்னா.

"ஏதாவது கெடந்துதா, யூலா?" நாக்கு தடித்துப்போனவளைப் போலக் குழறினாள்.

"ஒண்ணும் இல்லியே."

"பொய் சொல்லாதடி." மெல்லிய சிரிப்பு. "பரவாயில்ல, எடுத்துக்கோ. உனக்குத்தான அது மேல அவ்வளவு ஆசை."

அடுத்த முறை போனபோது, கதவைத் திறந்ததுமே ஈர மண்ணும் சூடான உலோகமும் கலந்த வாசனை முகத்தில் மோதியது. வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் முனகிக்கொண்டிருந்தன. நடையில் இன்னொரு சட்டை கிடந்தது. பூனை அளவு. அதே செம்பு நிறம். ஆனால் மயிர் முரடாக இல்லை. மெல்லியதாக, நீளமாக, சீப்பில் சிக்கும் பெண்ணின் முடி போலச் சுருண்டிருந்தது. கால் நுனிகளில் கொக்கிகள் இல்லை. சின்னச் சின்ன நகங்கள்.

வாக்வாவ் செய்த கேலியா? போக்னாவும் உடந்தையா? ஓடிவிடு என்றது உடம்பு. மனமோ வேறொன்று சொன்னது: இதுவும் போக்னாவுக்கே கிடைத்திருக்கிறது. யூலிதா சால்வையைக் கழற்றி, சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பொய்த்தோல் இல்லை. தையல் இல்லை. பசை இல்லை. கொதித்துக்கொண்டிருந்த பீட்ரூட் சூப் அடிப்பிடித்துக் கருகியதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் உயிருள்ள சிலந்தியோடு ஒப்பிட மறுபடி மேலே போனாள். குளிர்காலப் பகல், மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஜன்னல்கள் நீலமாக இருட்டியிருந்தன. பெட்டியின் கொக்கியை நீக்கி, தூரிகையால் சிலந்தியைத் தொட்டாள்.

அது பக்கவாட்டில் சரிந்தது. கால்கள் வயிற்றுக்கடியில் சுருண்டிருந்தன. இலையைப் போல லேசாக இருந்தது. செத்து வெகு நாளாகியிருந்தது.

யூலிதா கைபேசியை எடுத்து போக்னாவை அழைத்தாள்.

படுக்கையறைக்குள் மணி அடித்தது.

"போக்னா?"

மணி நின்றது. யாரோ துண்டித்தது போல.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

கட்டிலில் போக்னா படுத்திருந்தாள். முகம் கூரையைப் பார்த்து. வாய் திறந்து. உதட்டோரத்து மச்சம். நெற்றியில் செம்பட்டை முடி. கண்கள் மட்டும் இல்லை. கண் இருந்த இடத்தில் மெல்லிய, தெளிவான தோல். அதற்கு அப்பால் வெறுமை.

யூலிதா கையைப் பற்றினாள். அது கசங்கியது. காகிதம் போல.

புரட்டினாள்.

முதுகில் பிளவு. கழுத்திலிருந்து இடுப்புவரை.

உள்ளே ஈரம் காய்ந்திருந்தது. சூடும் ஆறியிருந்தது.

பின்னால், உயரத்தில், ஏதோ அலமாரி மரத்தை உரசியது. நிதானமாக. ஒரு கால். அடுத்த கால். இன்னொன்று.

திரும்பாதே.

திரும்பினாள்.

அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே அது மடங்கி உட்கார்ந்திருந்தது. அறை இருட்டில் தானாக எரிந்துகொண்டிருந்தது அந்தச் செம்பு. விளிம்புகளில் ஊதா. அதற்குள் தங்கம். எந்தக் கண்காட்சியிலும், எந்தப் படத்திலும் அவள் பார்த்திராத நிறம். தொண்டைக்குள் அலறல் எழுவதற்கு முன்பாகவே யூலிதாவின் வயிறு பொறாமையில் எரிந்தது.

"புது இனந்தானேடி, யூலா?" என்றது போக்னாவின் குரல்.

சட்டை உரித்தபின் டரான்டுலாவின் பற்கள் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அவை இறுகிக் கறுக்கும்வரை அது எதையும் தின்னாது. யூலிதாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

பழக்க தோஷத்தில் அவள் கண் அங்கேதான் போனது.

கறுத்திருந்தன.